பெயர் தெரியாத பூக்கள்

உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஊரின் எல்லை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியோரத்தில் முளைத்துக் கிடக்கும் செடிகளில் எத்தனைக்கு உங்களால் பெயர் சொல்ல இயலும்? பத்துக்கா? ஐந்துக்கா? என் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்காண்டுகளுக்கு முன் இக்கேள்வியை எவரேனும் என்னிடம் கேட்டிருந்தால், வேம்பு, எருக்கு, சீமைக்கருவேல் என்று மூன்றோடு என் பட்டியல் முடிந்திருக்கும்.

கேட்கவும் செய்தான், என் மாணவன் ஒருவன். புதுவயலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதரஸா பாடம் நடத்தி வருபவன் நான். ஒருநாள் சூரத்துர் ரஹ்மானின் தொடக்க வசனங்களுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். செடிகொடிகளும் மரங்களும் இறைவனுக்குச் சிரம் பணிகின்றன என்னும் கருத்தமைந்த வசனம் வந்தது. அங்கு வரும் 'நஜ்மு' என்ற சொல்லுக்கு விண்மீன் என்று பொருள் கொள்வோரும் உண்டு. நிமிர்ந்த தண்டின்றித் தரையோடு படரும் பூண்டு என்று பொருள் கொள்வோரும் உண்டு. இரண்டையும் விளக்கிவிட்டு, "அதோ, சுவரோரம் படர்ந்திருக்கிறதே, அதுபோன்ற பூண்டு" என்று சன்னலுக்கு வெளியே சுட்டிக் காட்டினேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூக்கள் அதில் பூத்திருந்தன. "அதுக்குப் பேரு என்ன ஹஜ்ரத்?" என்றான் அவன்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்றவன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் செல்லும் 99 மலர்களின் பெயர்களையும் தேர்வுக்காக மனனம் செய்தவன். பெயர்கள் நாவில் இருந்தன; பூக்களை என் கண் அறியவில்லை. மறுநாள் சூரத்துல் பகராவை ஓதும்போது ஆதம் (அலை) அவர்களின் வரலாறு என்னைச் சுட்டது. மனித குலத்தின் தந்தைக்கு இறைவன் கற்பித்த முதற்பாடம் எது? பொருள்களின் பெயர்கள் அல்லவா? வானவர்களும் அறியாத அந்தப் பாடத்தால் அன்றோ ஆதம் சிறப்புற்றார்? அந்தப் பாடத்தை அவருடைய மக்களாகிய நாம் எங்கே தொலைத்தோம்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடக்கலானேன். பூப்பார்க்கும் எங்கள் நடை அவ்வாறுதான் தொடங்கிற்று.

எங்கள் மண்ணின் இரு வசந்தங்கள்

வசந்தம் என்றால் இளவேனில். சித்திரையும் வைகாசியும் என்று நூல்களில் படிக்கிறோம். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மரங்களின் தழை அடர்ந்து நிழல் மூடுவதற்கு முன், காட்டின் தரை முழுவதும் நீலமணிப் பூக்கள் விரித்த கம்பளமாய்ப் பூத்துவிடும். குடும்பம் குடும்பமாகச் சென்று அதனைக் கண்டு, படம் பிடித்து மகிழ்வர். செட்டிநாட்டுச் சீமையிலோ சித்திரையில் தரை தகிக்கும். கண்மாய் வெடித்துக் கிடக்கும். எனில், நமக்கு வசந்தமே இல்லையா?

உண்டு, ஒன்றல்ல, இரண்டு உண்டு என்பதை நடந்து நடந்துதான் கண்டுகொண்டோம். முதலாவது தரையின் வசந்தம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், செம்மண்ணும் செம்புராங்கல்லுமாய் வறண்டிருந்த பொட்டல் பத்தே நாளில் பச்சை கொள்ளும். மார்கழியும் தையும் முடியும்வரை சிறு பூண்டுகளின் காலம் அது. இரண்டாவது மரங்களின் வசந்தம். பங்குனி, சித்திரை வெயிலில் தரையில் ஒரு புல்லும் மிஞ்சாத வேளையில் வேம்பு பூத்து உதிர்க்கும், புங்கு பூக்கும், சரக்கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். கீழே இல்லாத ஈரத்தை மேலே இருந்து காட்டுவதுபோல் அவை பூத்து நிற்கும். இறந்த பூமியை இறைவன் உயிர்ப்பிக்கும் விதத்தை நோக்குமாறு சூரத்துர் ரூம் நம்மை அழைக்கிறது. நோக்குமாறு என்பதே கட்டளை. ஓதிவிட்டுக் கடந்து போவதற்கு அன்று.

எங்கள் பாதை எளியது. அரிசி ஆலைகளைக் கடந்து, செம்மண் தடத்தில் இறங்கி, கண்மாய்க் கரைமீது ஏறி, வெயில் உறைக்குமுன் வீடு திரும்புவோம். தடத்தின் இருபுறமும் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்திருக்கும். ஆவாரை பூத்த ஊரில் சாவு அண்டாது என்னும் பழமொழியைப் பிள்ளைகள் கேட்டு வந்து எனக்குச் சொன்னார்கள். களத்து மேட்டில் தும்பை வெள்ளை வெள்ளையாய் நிற்கும். நெருஞ்சி தன் மஞ்சள் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பிக்கொண்டிருக்கும். கிலுகிலுப்பையின் காய்ந்த நெற்றை ஆட்டினால் உள்ளே விதைகள் சலசலக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும், நடந்த களைப்பு தீர்ந்துவிடும். சிறுபூளையின் வெண்பஞ்சுக் கதிர்களைப் பொங்கலுக்காக அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் கட்டுக் கட்டாய்க் கொண்டு செல்வதைக் காண்போம். சீமைக்கருவேல் அடர்ந்து மூடிய இடத்தில் மட்டும் தரையில் பூண்டுகள் அரிதாகவே தென்பட்டன. அயல்நாட்டிலிருந்து விறகுக்கென்று கொண்டுவரப்பட்ட அம்மரம் நம் பூக்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை விளக்க எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. பிள்ளைகளே கண்டு சொன்னார்கள்.

படம் பிடிக்கலாமா?

பூவைப் பறித்துக்கொண்டு வந்தால் வீடு சேர்வதற்குள் வாடிவிடுகிறது. பிறகு பெயர் கேட்பது எப்படி? ஆகவே கைபேசியில் படம் பிடிப்பது என்று முடிவு செய்தோம். முதல் வாரமே ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னை வழிமறித்தார். "ஹஜ்ரத், ஓத வந்த பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுப்பது முறையா?" என்றார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையினால் கேட்டார்.

உருவப் படங்கள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனுள் நான் புகவில்லை. ஓவியம் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றி முறையிட்டபோது, மரங்களையும் ஆன்மா இல்லாத பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதை அந்தப் பெரியவரிடம் எடுத்துரைத்தேன். எங்கள் படங்களில் எவர் முகமும் விழாது என்றும் வாக்களித்தேன். அந்த வாக்கை இன்றளவும் காத்து வருகிறோம். பூவின் அளவு தெரிவதற்கு அருகில் ஒரு பேரீச்சங்கொட்டையை வைத்துப் படம் எடுக்கிறோம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கேமரா என்பது நமக்கு அந்நியமான கருவி அன்று. 965-இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளியைச் சோதித்து ஆராய்ந்தவர். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று தம் 'கிதாபுல் மனாஸிர்' நூலில் நிறுவியவர். இருட்டறையும் துளையும்தாமே கேமராவின் அடிப்படை!

படம் எடுப்பதில் நாங்கள் கற்றது சிறிதே. காலை வெயில் சாய்வாக விழும்போது எடுக்கவேண்டும். நின்றபடி எடுத்தால் பூ புள்ளியாகத்தான் தெரியும். மண்டியிட்டு, தேவையானால் படுத்து, பூவின் உயரத்திற்கு நாம் இறங்க வேண்டும். பூவோடு இலையையும் தண்டையும் தனித்தனியே எடுக்கவேண்டும்; இல்லையேல் பெயர் சொல்வோர் தடுமாறுவர். முழங்காலும் நெற்றியும் மண்ணைத் தொட அந்நீலப் பூவைப் படம் பிடித்த சிறுவன் எழுந்து, "ஸஜ்தா செய்ற மாதிரியே இருக்கு ஹஜ்ரத்" என்றான். சிரிப்போடு சொன்னான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நன்னிமார்களின் பள்ளிக்கூடம்

படங்களைக் காரைக்குடியில் கொடுத்து அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு வாங்கினேன். கைபேசியின் சிறு திரை முதிய கண்களுக்கு எட்டாது. ஆளுக்கு இரண்டு படமாகப் பகிர்ந்து கொடுத்து, "வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் காட்டிப் பெயர் கேட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன்.

வாசகர்களே, அடுத்த நாள் மதரஸாவில் எழுந்த ஆரவாரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! நீலப் பூண்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது: விஷ்ணுகிரந்தி. "காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்போம், மத்தியானத்துக்குள்ள பூ மூடிக்கும், அதான் உங்க ஹஜ்ரத்துக்குத் தெரியல" என்று ஒரு நன்னி சொல்லியனுப்பியிருந்தார். காயாம்பூவின் நீலக் கொத்தைக் கண்ட ஒரு மூதாட்டி, அதன் மிலார் எரித்துச் சோறாக்கிய நாளையெல்லாம் கூறினாராம். படுக்கையோடு கிடக்கும் ஒரு பெரியம்மாவுக்கு மஞ்சணத்திப் பூவின் படத்தைக் காட்டியபோது, அவர் அதை வாங்கி மூக்கருகே கொண்டு சென்றாராம். "படம்தானே நன்னி!" என்று பேரன் சிரிக்க, "எனக்கு மணக்குதுடா" என்றாராம். அந்த அம்மையார் தெருவைப் பார்த்தே ஆண்டுகள் சில ஆகின்றன.

நம் வீடுகளின் உள்ளறைகளில் எத்துணை அறிவு அடங்கிக் கிடக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த பெண்மக்கள் அவர்கள். களை எடுக்கவும் விறகு பொறுக்கவும் போன காலத்தில் கற்றதை எவரும் கேட்காததால் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அபூஹனீஃபா அத்தீனவரீ என்னும் அறிஞர் 'கிதாபுன் நபாத்' என்னும் தாவர நூலைத் தொகுத்தபோது, பாலைவன அரபுகளின் பேச்சு வழக்கில் இருந்த செடிப் பெயர்களைத் தேடிப் பதிவு செய்தார். 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஸ்பெயினில் தம் ஆசிரியரோடு காடுமேடு அலைந்து மூலிகை திரட்டியவர்; ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை விவரித்து, ஒரே செடிக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களையும் எழுதி வைத்தவர். அத்தகைய பேரறிஞர்களின் பணியில் அணுவளவேனும் எங்கள் ஒற்றைக் குறிப்பேட்டில் நடக்கட்டும் என்று எண்ணினேன். முதலாண்டின் முடிவில் அதில் 41 பெயர்கள் இருந்தன.

கண் நோகும் பூ

இனி, நான் செய்த தவறொன்றை உங்கள்முன் வைக்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

சிறுவயதில் என் நன்னியோடு வேலியோரம் நடந்து செல்கையில் ஒரு பூவைக் கண்டேன். தீக்கொழுந்துபோல் நெளிந்து மேல்நோக்கிய ஆறு இதழ்கள். நுனி சிவப்பு, அடி மஞ்சள். நன்னி என் முகத்தைத் தம் முந்தானையால் மூடினார். "பாக்காதடா, கண்ணு நோகும். அது கண்வலிப்பூ" என்றார். அது செங்காந்தள் என்பதும், தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதும், ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுவே என்பதும் பின்னர் அறிந்தவை. அதன் கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு, உயிரையே பறித்துவிடும். அதே நஞ்சான கோல்ச்சிசினை அளவறிந்து பிரித்தெடுத்து மூட்டுவீக்க நோய்க்கு மருந்தாக்குகிறார்கள். அதற்கென விதைக்காகத் தமிழகத்தில் பல ஊர்களில் இதனைப் பயிரிடுகிறார்கள்.

எங்கள் நடையின் இரண்டாம் ஆண்டு, ஒரு கார்த்திகைக் காலையில் அந்தப் பூவை மீண்டும் கண்டேன். ஒரு வேலிப் புதரில் ஏழெட்டுக் கொடிகள், இலை நுனியையே பற்றுக்கம்பியாய்ச் சுருட்டி ஏறி, மழைநீர் சொட்டச் சொட்டப் பூத்து நின்றன. "தொடக்கூடாது, கண்ணால் பார்க்க மட்டுமே" என்று பிள்ளைகளை எச்சரித்துப் படம் பிடித்தேன். நான் எடுத்தவற்றுள் ஆகச் சிறந்த படம் அது. பெருமை தலைக்கேறிற்று. பெரிதாக அச்சிட்டு, எந்தத் தடத்தில் எந்த வேலியில் கண்டது என்று அடியில் விவரமாய் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிட்டேன். வாட்ஸ்அப் குழுக்கள் சிலவற்றுக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் சென்றபோது அங்குப் பூ இல்லை. கொடிகள் சுருண்டு வாடிக் கிடந்தன. வேலியடியில் வரிசையாய்க் குழிகள். கிழங்கு எல்லாம் தோண்டப்பட்டிருந்தது. நடவுக்கென்று கிழங்கை விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. தோண்டியவர் எவரென்று நான் தேடவில்லை. அவர் ஒரு நாள் கூலிக்காகத் தோண்டியிருக்கலாம். வழிகாட்டிப் பலகை எழுதி வைத்தவன் நானல்லவா? இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில உரிமையாளரின் இசைவின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். எனக்குச் சட்டம் எதற்கு? அமானிதத்தைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள். "குருவிக் குஞ்சை எடுத்துட்டு வந்தவங்ககிட்ட, திருப்பிக் கொண்டுபோய் விடுங்கன்னு ரசூலுல்லாஹ் சொன்னாங்கன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க ஹஜ்ரத்? இதை எப்படித் திருப்பி வைக்கிறது?"

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையைக் கண்டு இரங்கிய அந்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. நான் நடத்திய பாடத்தை அவள் எனக்கே நடத்தினாள். வாடிய கொடிகளில் முற்றிய காய்கள் சில எஞ்சியிருந்தன. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அவற்றைப் பிரித்து, சிவந்த விதைகளை எடுத்துவந்து, பிள்ளைகள் யாரும் தொடாதபடி நானே உலர்த்தி, அடுத்த மழைக்கு அதே வேலியடியில் ஊன்றினேன். விதையிலிருந்து வரும் காந்தள் பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். என்னை எச்சரித்த நன்னியின் சொல் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பார்க்காதே என்றால் தொடமாட்டான், தொடாவிட்டால் நஞ்சிலிருந்து பிள்ளை தப்புவான். பிள்ளையிடமிருந்து பூவும் தப்பும். கண் நோகும் என்றார். அந்தக் குழிகளைக் கண்ட நாளில் என் கண் நொந்தது உண்மை.

அதன்பின் எங்கள் நடைக்குச் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். பூவைப் பறிப்பதில்லை. அரிய செடியின் இடத்தை எழுதுவதும் சொல்வதுமில்லை. பெயர் அறிந்துவிட்டோம் என்பதற்காக எதையும் மருந்தென்று வாயில் இடுவதில்லை. குன்றிமணியும் காந்தளும் அழகால் ஏமாற்றும் நஞ்சுகள். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நுழைவதில்லை. மழைக்காலப் புதரில் கம்பால் தட்டாமல் கால் வைப்பதில்லை. "பிள்ளைகள் பார்த்தால் போதுமா, நாங்கள் பார்க்க வேண்டாமா?" என்று என் இல்லத்தரசி கேட்ட கேள்விக்குப் பின், மாதம் ஒருமுறை அஸருக்குப் பிறகு குடும்பங்களாகவும் நடந்து வருகிறோம். கேமராவைக் குறித்து வினவிய அந்தப் பெரியவரும் இப்போது உடன் வருகிறார். குறிப்பேட்டில் ஆறு பெயர்கள் அவர் தந்தவை.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் முன்னோரான உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்தபோது, தாம் கண்டு பழகிய தமிழ் மண்ணின் வளத்தையே அங்கும் வைத்துப் பாடினார். அவருக்குத் தம் மண் அத்துணை தெரிந்திருந்தது. நமக்கும் தெரியவேண்டும். உங்கள் வீட்டு மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். என் நன்னியிடம் நான் கேட்காமல் விட்ட பெயர்கள் எத்தனையோ. அவை அவரோடு மையவாடிக்குப் போய்விட்டன.

சென்ற ஐப்பசி மழைக்குப் பின் அந்த வேலியடிக்குச் சென்றோம். புல்லோடு புல்லாக, சுருண்ட நுனியோடு இரண்டே இரண்டு தளிர்கள் எழுந்திருந்தன. பூக்க இன்னும் காலம் இருக்கிறது. எந்தத் தடம், எந்த வேலி என்று மட்டும் கேட்காதீர்கள். அது பிள்ளைகளின் அமானிதம். பூத்தால், இன்ஷா அல்லாஹ், படத்தை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன்.